வெளிச்சப் பொட்டு

சிறுத்தை அன்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியது.

மூன்று மாதமாகக் கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையை மூலைக்குத் தள்ளி, வந்தவர் போனவரையெல்லாம் வாசலிலேயே ஒரு கணம் நிற்க வைத்த சிறுத்தை அது. ஆள் உயரக் கித்தானில், பாறை மேல் முன்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும். உயிரியல் பூங்காவின் நுழைவுக் கூடத்தில் மாட்டுவதற்காகக் கேட்டு வாங்கும் படம். வரைந்தவள் அந்த வீட்டு மருமகள்.

அவள் பகலில் கண் ஆஸ்பத்திரியின் பட்டறையில் செயற்கைக் கண் செய்கிறவள். விடியற்காலையிலும் விடுமுறையிலும் காட்டு விலங்கு வரைகிறவள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ஓவியக்காரி' என்று பெயர் வைத்தார்கள், வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. வீட்டில் கூப்பிடும்போது மட்டும் அதில் ஒரு கல் உப்பு கூடுதலாக இருக்கும்.

உப்புப் போடுகிறவர் அவள் கணவனின் அக்கா. தெரு முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். பிரார்த்தனைக் கூடத்தில் முதல் பாட்டு எப்போதும் அவருடையது, அதை வேறு யாரும் எடுக்க நினைத்ததும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் இடது கண்ணில் கட்டி வந்து, உயிரைக் காப்பாற்ற அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. தனியாக இருக்கிறவர் என்பதால், "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று தம்பி வீட்டுக்கு வந்தார்.

வந்தவருக்கு வெளிச்சமான அறையைக் கொடுத்தார்கள். அது ஓவியக்காரி வரைகிற அறை. கித்தானும் சாயமும் கூடத்துக்கு வந்தன. பத்து நாள் எட்டு மாதமாயிற்று. அந்த எட்டு மாதத்தில் டீச்சர் ஆஸ்பத்திரிக்குத் தவிர வாசலைத் தாண்டவில்லை, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை, ஒரு வரி பாடவில்லை. பாடாத தொண்டை சும்மா இருக்குமா? வீட்டில் உள்ளவர்களைப் பேசியது.

போன ஞாயிற்றுக்கிழமையும் பேசியது. படம் முடிந்துவிட்டது என்று ஓவியக்காரி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சிறுத்தையின் முன்னால் நின்றார்.

"ஏம்மா, இது உசுரோட இருக்கா, செத்துப் போச்சா? கண்ணு பாக்கவே மாட்டேங்குதே."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தன் கண் போனதற்கு என் படத்தின் கண்ணைக் குத்துகிறார் என்று ஓவியக்காரி எடுத்துக்கொண்டாள். இரவெல்லாம் புரண்டாள். மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அதே டீச்சருக்கான கண்ணை வரைந்து முடித்தாள். நேற்று மாலை அதைப் பொருத்தியும் ஆயிற்று.

இன்று சாயங்காலம் பிரார்த்தனைக் கூடத்தில் கூட்டம். டீச்சர் பாடப் போகிறார்.

*

கணவன் சிறுத்தையை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். சொந்த வேன், சாமான் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

டீச்சர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. எது போன கண், எது இருக்கும் கண் என்று கூடப் பிறந்தவனுக்கே தெரியவில்லை.

"அக்கா," என்றான். கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

"என்னடா, ஆளையே பார்க்காத மாதிரி பாக்குற? காபி ஆறுது, குடி." டீச்சரின் குரலும் கொஞ்சம் கரகரத்தது. "ஆமா, என் வீட்டுச் சாவி எங்க? உன்கிட்டதான குடுத்தேன், செடிக்குத் தண்ணி ஊத்த."

"வேன்ல கிடக்கு. அப்புறம் தரேன்."

"அப்புறம்னா?"

"தரேன்க்கா. எங்க போயிடப் போவுது?" அவன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். "வழியில ஒரு சாமான் ஏத்துற வேலை இருக்கு. அதை முடிச்சிட்டுப் பூங்காவுக்குப் போறேன். சாயங்காலம் கூடத்துக்கு வந்துடுவேன்."

நெருப்பை மிதித்தவன் மாதிரி இறங்கிப் போனான். சாவி என்ற சொல் ஓவியக்காரியின் காதில் தேனாக விழுந்தது. தன் வீட்டுக்குப் போகத்தான் கேட்கிறாரா? அறை திரும்பக் கிடைக்குமா? அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பால் ஊத்தும்மா," என்று டீச்சர் டம்ளரோடு எழுந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அடுப்புப் பக்கம் திரும்பினார். அடுப்புக்கு மேலே, ஓவியக்காரிக்கு வலப்பக்கச் சுவரில், டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஓவியக்காரி பார்த்தாள்.

டீச்சரின் வலது கண்ணில் மினுங்கிய வெளிச்சப் புள்ளி, அவர் திரும்பியதும் டியூப் லைட் இருக்கும் பக்கத்துக்கு நகர்ந்தது. இடது கண்ணின் புள்ளி நகரவில்லை. வெளிச்சமே இல்லாத பக்கத்தில் வெள்ளையாக, விடாப்பிடியாக நின்றது.

கையிலிருந்த பால் பாத்திரம் விழவில்லை. அதெல்லாம் சினிமாவில்தான் விழும்.

விலங்கு வரைகிறவர்களுக்குத் தெரியும். படத்தில் கடைசியாக வைப்பது கண்ணில் அந்த ஒரு வெள்ளைப் பொட்டு. ஊசிமுனை அளவு சாயம். அதை வைக்கிறவரை மானும் கரடியும் வெறும் தோல், வைத்ததும் எழுந்து பார்க்கும். ஓவியக்காரி அதைச் சும்மா வைக்க மாட்டாள். கண்ணை மூடி, மனதுக்குள் ஜெபம் செய்துவிட்டுத்தான் தூரிகையைக் கொண்டுபோவாள். உயிரைக் கொடுப்பது தன் வேலை இல்லை, கடன் வாங்கித்தான் வைக்கிறோம் என்பது அவள் நம்பிக்கை.

பட்டறையில் சட்டம் நேர் எதிர். செயற்கைக் கண்ணில் அந்தப் பொட்டை வைக்கவே கூடாது. கருவிழியை வரைந்த பிறகு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு போடுவார்கள். மனிதன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கிருக்கும் வெளிச்சம் அந்தப் பூச்சில் தானாக வந்து உட்காரும். நாமே ஒன்றை வைத்தால், அது ஆணி அடித்தது மாதிரி ஒரே இடத்தில் நிற்கும்.

நூற்றுக்கணக்கான கண் வரைந்தவள். ஒரு நாளும் தவறியதில்லை. டீச்சருக்குத்தானா தவற வேண்டும்?

நேற்றுப் பட்டறையில் யாருக்கும் தெரியாமல் போனதற்கும் காரணம் புரிந்தது. அவள் எங்கே வரைந்தாலும் ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் பொட்டும் வைப்பாள். டீச்சரை உட்கார வைத்துப் பார்த்ததும் அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே பக்கமிருந்துதான். உண்மை வெளிச்சம் பொய் வெளிச்சத்தின் மேலேயே வந்து உட்கார்ந்து அதை மறைத்துவிட்டது.

பிரார்த்தனைக் கூடத்தில் நாலு சுவரிலும் விளக்கு. முன் வரிசையில் குழந்தைகள். அதில் ஒன்று நிச்சயம் கேட்கும், "அம்மா, டீச்சர் கண்ணு ஏன் அப்படி இருக்கு?" என்று. கேட்டால் டீச்சர் பாட்டைப் பாதியில் விட்டு இறங்குவார். கறுப்புக் கண்ணாடி திரும்ப ஏறும். அது ஏறினால் இந்த ஜென்மத்தில் இறங்காது என்று ஓவியக்காரிக்குத் தெரியும்.

"என்னம்மா, அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல அண்ணி." பாலை ஊற்றினாள். "அந்தக் கண்ணை இன்னிக்கு ஒரு தடவை பாலிஷ் போடணும். முதல் நாள் போட்டுட்டு எடுத்தா ஒரு தடவை தேய்ச்சுக் குடுக்குறது வழக்கம். நான் எடுத்துட்டுப் போயி மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடுறேன்."

டீச்சர் அவளை இரண்டு கண்ணாலும் பார்த்தார். அதில் ஒன்று அவள் செய்தது என்பதால் அதை நேராகப் பார்க்க முடியவில்லை.

"நேத்து அப்படி ஒண்ணும் சொல்லலையே?"

"மறந்துட்டேன்."

"சரி, வா, நானும் வரேன். என் கண்ணைத் தனியா அனுப்புற மாதிரி இல்ல."

*

பேருந்தில் ஓவியக்காரி இடம் தேடினாள். பார்க்கிறவருக்கு இடப்பக்கம் ஜன்னல் வருகிற மாதிரி டீச்சரை உட்கார வைத்தாள். அந்தப் பக்கத்து வெளிச்சம் விழுகிறவரை தப்பு தெரியாது.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு கறுப்பு இல்லாமல் தெருவைப் பார்க்கிறவர், ஒரு கடைப் பலகையையும் விடவில்லை. எதிர் சீட்டில் ஒரு பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். டீச்சரும் சிரித்தார்.

இப்போதே சொல்லிவிடலாமா என்று ஓவியக்காரி யோசித்தாள். சொன்னால் பேருந்திலேயே கண்ணாடி ஏறிவிடும். பட்டறையில் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அதற்குள் பேருந்து சாலை முனையில் வளைந்தது, வெயில் பக்கம் மாறியது. சிரித்த பெண்ணின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, கொஞ்சம் குழம்பியது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. அதன் பிறகு அவர் கடைப் பலகை எதையும் பார்க்கவில்லை.

*

பட்டறையில் பாலிஷ்காரர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓவியக்காரிக்கு அந்த ஆஸ்பத்திரியில் நண்பர் என்றால் அவர் ஒருவர்தான். சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை இல்லாத மனிதர். ஆனால் விடுமுறையில் அவளை ஸ்கூட்டரில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், அவள் பறவை வரையும்போது குடை பிடிப்பார். அவள் கண்ணை மூடி ஜெபித்தால் பீடியை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். "உன் ஆளுகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை" என்பது அவர் வழக்கமான கேலி.

"வாங்க டீச்சரம்மா. கண்ணு எப்படி இருக்கு?" என்று எழுந்து வந்தவர், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமிருந்து அவர் முகத்தைப் பார்த்தார். ஓவியக்காரி கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"ஏம்மா, இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

பட்டறையில் சக்கரம் சுற்றாத நேரம் அது. சொன்னது தெளிவாகக் கேட்டது.

"என்ன பொட்டு?" என்றார் டீச்சர்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. ஓவியக்காரி கைக்கண்ணாடியை எடுத்து டீச்சரின் கையில் கொடுத்தாள். "கண்ணாடியைப் பாத்துக்கிட்டே மெதுவா வலது பக்கம் திரும்புங்க அண்ணி."

டீச்சர் திரும்பினார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். மறுபடி அந்தப் பக்கம். கைக்கண்ணாடி மெல்ல மடிக்கு இறங்கியது.

"அதான் பஸ்ல அந்தப் பொண்ணு பார்வையைத் திருப்பிக்கிச்சா?"

"ஆமா அண்ணி."

"காலையில அடுப்புகிட்ட நீ பார்த்தது இதைத்தானா?"

"ஆமா."

"பாலிஷ்னு ஏன் பொய் சொன்ன?"

டீச்சர் கைப்பையைத் திறந்து கறுப்புக் கண்ணாடியை வெளியே எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன் காதுக் கம்பியை மடக்கி மடக்கிப் பிரித்தார்.

"சிறுத்தைக்கு வைக்கிற கண்ணை எனக்கு வச்சிட்ட," என்றார்.

அதில் குத்தல் இல்லை. அதுதான் ஓவியக்காரியை உலுக்கிவிட்டது.

"வேணும்னு செய்யல அண்ணி. சத்தியமா செய்யல. நீங்க ஞாயித்துக்கிழமை சொன்னதுல இருந்து கண்ணு, உசுரு, கண்ணு, உசுருன்னு அதுவே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு. கை அதுபாட்டுக்கு வச்சிடுச்சு."

பாலிஷ்காரர் குறுக்கே வந்தார். "வருத்தத்தை அப்புறம் படலாம். இப்ப அதைக் கழட்டிக் குடுங்க டீச்சரம்மா. மேல்பூச்சைத் தேய்ச்செடுத்து, பொட்டை எடுத்துட்டு, மறுபடி பூசி வேக வைக்கணும். இப்பவே ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள ஆயிடும்."

"ஆகலைன்னா?"

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "சூட்டை அவசரப்படுத்தினா உள்ள குமிழ் விழும். குமிழ் விழுந்தா கண்ணு குப்பைக்குத்தான். புதுசா ஒண்ணு பண்ண ஒரு வாரம் ஆகும்."

டீச்சர் கீழிமையை விரலால் இழுத்து, நேற்றுக் கற்றுக்கொண்டபடியே கண்ணைக் கழற்றி, ஓவியக்காரியின் உள்ளங்கையில் வைத்தார். அது உடம்புச் சூட்டோடு இருந்தது. அதன் பிறகுதான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பொட்டை எடுத்துட்டா கண்ணு செத்துப் போன மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார்.

"ஆகாது அண்ணி. உங்க முகத்துல வெளிச்சம் தானா வந்து உக்காரும். அதை நான் வைக்கக் கூடாது."

*

மேல்பூச்சைத் தேய்க்கும்போது ஓவியக்காரி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் அவள் அடுக்கடுக்காக வரைந்த கருவிழி போய்விடும். டீச்சரின் விழி வெறும் கறுப்பு இல்லை. நடுவில் தேன் நிறத்தில் ஒரு வளையம், ஓரத்தில் சாம்பல். அதைப் பிடிக்க ஒரு வாரம் முழுக்கப் பத்துப் பதினைந்து கருவிழி வில்லைகளை வரைந்து பார்த்து எறிந்திருந்தாள்.

பொட்டு உதிர்ந்தது. புதுப் பூச்சு ஏறியது. அச்சுக்குள் மூடி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள். இனி யார் கையிலும் ஒன்றுமில்லை.

சுவரோரப் பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் விட்டு ஓவியக்காரி உட்கார்ந்தாள். தொட்டி மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொட்டு மிருகத்துக்கு உண்டுதான?" என்றார் டீச்சர், முன்னால் பார்த்தபடியே.

"உண்டு அண்ணி. அதுதான் கடைசி வேலை."

"உன் சிறுத்தைக்கு வச்சியா?"

"வைக்காம எப்படி," என்று தொடங்கியவள் நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். மஞ்சள் விழி போட்டது நினைவிருந்தது. நடுவே கறுப்புக் கண்பாப்பா போட்டது நினைவிருந்தது. பிறகு தூரிகையைக் கழுவினாள். இரண்டுக்கும் நடுவே ஜெபம் செய்தது நினைவில் இல்லை. செய்யவில்லை. வைக்கவும் இல்லை. அதற்கு முந்தைய வாரம் முழுக்க டீச்சரின் விழியை வில்லை வில்லையாக வரைந்த கை, பொட்டு வைக்காமலே பழகிய கை, சிறுத்தைக்கும் வைக்காமலே எழுந்து வந்திருக்கிறது.

"அதைத்தான ஞாயித்துக்கிழமை கேட்டேன்? கண்ணு பாக்கலைன்னு," என்றார் டீச்சர். "நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்ட."

ஓவியக்காரி போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். ஒரு சாமான் இறக்க இவ்வளவு நேரமா? இந்நேரம் பூங்காவில் நாலு பேர் கூடி, குருட்டுச் சிறுத்தையைச் சுவரில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது.

"நீங்க சொன்னது வீம்புக்குன்னு நெனச்சேன் அண்ணி."

"பாதி வீம்புதான்," என்றார் டீச்சர். "ஆனா சொன்னது நெசம்."

பாலிஷ்காரர் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கனைத்தார். சிரிப்பை அடக்குகிற கனைப்பு.

"எனக்கு வரைஞ்ச அன்னைக்கு ஜெபம் பண்ணினியா?" டீச்சர் கேட்டார்.

"பண்ணினேன்."

"பண்ணியுமா இப்படி ஆச்சு?"

அந்தக் கேள்வியை ஓவியக்காரி காலையிலிருந்து தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிறுத்தையை மறந்ததற்காவது காரணம் சொல்லலாம், அங்கே ஜெபம் இல்லை. இங்கே கண்ணை மூடி, கைகூப்பி, வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள்.

"என்னன்னு பண்ணின?"

மழுப்பிவிடலாம். நல்லா அமையணும்னு கேட்டேன் என்றால் பாதி உண்மை. ஆனால் இன்று ஒரு பொய் சொன்னதற்கே இவ்வளவு பாடு. இன்னொன்றுக்குத் தெம்பு இல்லை.

"கண்ணு நல்லபடியா அமையட்டும், அண்ணி சீக்கிரம் அவங்க வீட்டுக்குப் போயிடட்டும்னு கேட்டேன்."

தொட்டி முனகியது. பாலிஷ்காரர் எழுந்து வெளியே போனார், பீடி குடிக்கிற நேரம் அது இல்லை. டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, திரும்பவும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்க என்று ஓவியக்காரி அழைத்தபோது, "பசிக்கல" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. எட்டு மாதமாக இந்த வாய் ஓயாதா என்று ஏங்கியவளுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

*

அச்சைத் திறந்தபோது பாலிஷ்காரர்தான் முதலில் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குமிழ் இல்ல."

பாலிஷ் போட்டுக் கழுவி டீச்சரிடம் கொடுத்தார்கள். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் பொருத்திக்கொண்டு நிமிர்ந்தார். ஓவியக்காரி டார்ச்சை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் இடமிருந்து வலம் கொண்டுபோனாள். இரண்டு கண்ணிலும் இரண்டு புள்ளிகள் சேர்ந்தே நகர்ந்தன. மேலே தூக்கினாள், மேலே போயின. இறக்கினாள், கூடவே இறங்கின.

"போதும், கண்ணு கூசுது," என்றார் டீச்சர். "ஒண்ணுதான் கூசுது. இருந்தாலும் போதும்."

கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஜனம் நிறைந்திருந்தது. செருப்பு விடும் இடத்தில் டீச்சர் நின்றார். கதவுக்குள் தெரிந்த விளக்குகளைப் பார்த்தார். கைப்பைக்குள் கறுப்புக் கண்ணாடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இப்படியே திரும்பிவிடுவார் என்றுதான் ஓவியக்காரிக்குத் தோன்றியது.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன், உன்கிட்ட கோவப்படலாமா வேணாமான்னு."

"பட்டுக்குங்க அண்ணி."

"முடியலையே. எட்டு மாசமா நானும் அதையேதான கேக்குறேன்? கண்ணு வரட்டும், என் வீட்டுக்கு நான் போயிடணும்னு. தெனம் ரெண்டு வேளை. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள இருந்து ஒண்ணையே கேட்டிருக்கோம், ஆண்டவருக்கும் அலுத்துப் போயிருக்கும்." முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "இந்தக் கண்ணு இல்லாம தனியா இருக்கப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெக்கம். அதான் உன்னைப் போட்டு வறுத்தெடுத்தேன். நாளைக்குக் காலையில கிளம்புறேன். உன் ரூமை எடுத்துக்க. அவன்கிட்ட சாவியை மட்டும் வாங்கி வை."

சொல்லிவிட்டு உள்ளே போனார். முன் வரிசைக் குழந்தைகள் நிமிர்ந்து பார்த்தன. யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

*

ஓவியக்காரி வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது வேன் வந்து மரத்தடியில் நின்றது. கணவன் இறங்கினான். சட்டை முழுக்க அழுக்கு, வேன் கதவில் கயிறு கட்டியே இருந்தது.

"சிறுத்தை?" என்றாள்.

"உள்ளதான் இருக்கு. இன்னிக்குப் போக முடியல. நாளைக்குக் காலையில குடுத்தாப் போதும்னு பூங்காவுல சொல்லிட்டாங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. பையில் எப்போதும் ஒரு வெள்ளைச் சாயமும் மெல்லிய தூரிகையும் கிடக்கும். "கதவைத் திறங்க. ஒரு நிமிஷ வேலை இருக்கு."

"இப்பவா? இருட்டிக்கிட்டு வருது. வீட்டுல போயி…"

"இப்பதான். திறங்க."

அவன் திறக்கவில்லை. அவளே கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். தெரு விளக்கு உள்ளே விழுந்தது. சிறுத்தை நின்றது, எதையும் பார்க்காமல். டீச்சர் சொன்னது அப்பட்டமான உண்மை. அதற்குப் பின்னால், துணி போட்டு மூடிய ஏதோ ஒரு பெட்டி இருந்தது. துணியை விலக்கினாள்.

டீச்சரின் ஆர்மோனியம். பூட்டிக் கிடக்கும் அவர் வீட்டில், ஜன்னலுக்கடியில் இருக்க வேண்டியது. அதன் மேல் அவர் சுவர்க் கடிகாரம், ஒரு பூந்தொட்டி.

"இது ஏன் இங்க?"

கணவன் வேனின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டான். "அக்கா இனிமே தனியா இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். என்கூட வண்டி ஓட்டுறான்ல, அவன் வீட்டுக்காரி நிறைமாசம். இருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, போக இடமில்ல. ஒரு வருஷம் இருந்துக்கடான்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"குடுத்துட்டேன்னா?"

"இன்னிக்குப் பகல் முழுக்க அவங்க சாமானைத்தான் ஏத்தி இறக்கினேன். அக்கா சாமானை உள் ரூம்ல போட்டுப் பூட்டியாச்சு. இது மட்டும் அங்க வேணாம்னு எடுத்தாந்தேன்." அவன் குரல் இறங்கியது. "சாவி அவங்ககிட்ட இருக்கு. அக்காகிட்ட நீதான் எப்படியாவது சொல்லணும்."

அவள் கையில் டீச்சரின் கறுப்புக் கண்ணாடி இன்னும் இருந்தது. கூடத்துக்குள் பேச்சுச் சத்தம் அடங்கியது. பிறகு டீச்சரின் குரல் எழுந்தது. முதல் வரி கொஞ்சம் தடுமாறியது. இரண்டாவது வரியில் பிடித்துக்கொண்டது. மூன்றாவதில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவர்கூட எழுந்து நின்றார்.

கணவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

ஓவியக்காரி வேனுக்குள் ஏறினாள். தெரு விளக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. படத்தின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். சாயத்தைத் திறந்து தூரிகையின் முனையில் ஒரு துளி எடுத்துக்கொண்டாள். வழக்கப்படி கண்ணை மூடினாள்.

அண்ணி அவர் வீட்டுக்குப் போகட்டும் என்று எட்டு மாதமாகக் கேட்டதைத்தான் இப்போதும் கேட்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது ஒரு நிறைமாதக்காரி இருக்க, அதைக் கேட்க வாய் வரவில்லை. வேறு எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை. தூரிகையில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது, உள்ளே டீச்சர் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.